சேர்வரைப் பிரிக்கத் தேவையான சாமான்கள்

பெற்றீசியா எழுதிய கடிதத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அந்தக் கடிதத்தைப் பதினொரு அதிகாரிகள் வாசித்தார்கள். பதினொரு பேரும் வெவ்வேறு குற்றம் கண்டுபிடித்தார்கள்.

2007ஆம் ஆண்டு. யுத்தம் மறுபடியும் மூண்டு, ஊரெல்லாம் சோதனைச் சாவடியாக இருந்த காலம். கண்டி வாவிக்கு மேலே, குன்றுச் சரிவில் இருந்தது மலைநாட்டுப் பிறப்பிறப்புப் பிரதிகள் திணைக்களம். பிறந்தவர் பிறந்ததற்கும் செத்தவர் செத்ததற்கும் அத்தாட்சி கொடுப்பது அதன் தொழில். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இருப்பவர்களைப் பற்றி அதற்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

பெற்றீசியா அங்கே கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்தாள். வயது முப்பத்துநான்கு. தினமும் அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, கைப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடியும் ஏறிக் கந்தோருக்கு வந்து சேரும்போது, வேலை தொடங்கும் முன்பே ஒரு நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும்.

திணைக்களத்துக்கு ஒரு வெளிநாடு, ‘சேர்வர்’ என்ற ஆள் உயரப் பெரிய கணினி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. சிங்களப் பதிவுகளுக்கு ஒரு கொம்பனி ஒரு மென்பொருள் முறைமை செய்து தந்தது. தமிழ்ப் பதிவுகளுக்கு இன்னொரு கொம்பனி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றின் எழுத்து மற்றதில் கட்டம் கட்டமாக விழுந்தது. அதற்கு வழி இருந்தது. ஒரே சேர்வரை உள்ளுக்குள் இரண்டாக வகுத்து, ஒவ்வொரு பகுதியும் தன்னைத் தனி இயந்திரம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும்படி விடலாம். ‘லொஜிக்கல் பாட்டிஷன்’ என்று அதற்குப் பெயர். ஆனால் சேர்வர் தானாகப் பிரியாது. ‘கொன்சோல்’ என்ற சின்னக் கணினி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கம்பி கொடுத்து, அதிலிருந்துதான் உனக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும். பகுதிக்கு ஒன்றாக வலையமைப்பு அட்டையும், பதிவுகள் இருக்கும் வட்டுகளை இணைக்கும் அட்டையும் வேண்டும். அன்பளிப்பில் இவை வரவில்லை. அதைப் பொறுப்பேற்றவர்கள் சேர்வரின் உயரத்தைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே முழு இயந்திரத்திலும் சிங்கள முறைமை மட்டும் ஓடியது. தமிழ்ப் பதிவுகள் எட்டு வட்டுகளில் அடைபட்டு அலுமாரியில் கிடந்தன. பழைய தமிழ்ப் பதிவேடுகளையோ, ‘கணினிமயமாகிவிட்டது’ என்று முத்திரை குத்திக் கொழும்புக் களஞ்சியத்துக்கு அனுப்பியாயிற்று. தமிழில் பிறந்தவர்கள் ஒன்பது மாதமாகப் பிறக்காதவர்களாகவே இருந்தார்கள்.

“சேர்வரை லொஜிக்கல் பாட்டிஷன்களாகப் பிரிப்பதற்குத் தேவையான ஹாட்வெயார்” என்று தலைப்பிட்டு, கீழே வேண்டிய சாமான்களை எழுதி, பெற்றீசியா பணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தாள். கடிதம் போய் ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் திரேசா வந்தாள்.

திரேசா ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பத்திரம் கொடுக்கும் கருமபீடத்தில் இருந்தவர், “தமிழ் இல்லை” என்று சொல்லி அனுப்ப, அவள் படியிறங்காமல் நேரே கணினி அறைக்கு வந்துவிட்டாள்.

“பொறந்த பத்திரம் இங்கதான் குடுப்பாங்கன்னாங்க, மிஸ். எங்க வீட்டுக்காரருக்கு வேணும். அந்தோனிமுத்துன்னு பேரு.”

“அவரு வரலியா?”

“அவரப் புடிச்சிட்டாங்க. கண்ணு தெரியலன்னு ஆசுபத்திரிக்கி வந்தவரு, கட்டுகஸ்தோட்டையில தங்கச்சிய பாத்துட்டு வர்றேன்னு போயிருக்காரு. பாலத்துக்கிட்ட பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்க. ஐடென்டிக்காடு இல்ல. எப்பவுமே இல்ல. தோட்டத்துக்குள்ள யாரு கேட்டா?”

“இப்ப எங்க வச்சிருக்காங்க?”

“பொலிசிலதான். அங்க உள்ள பெரியவரு பரவால்ல. பத்திரத்த கொண்டா, விட்டுர்றேன்னாரு. இருவதாந்தேதி வரைக்கும் வச்சிருப்பாராம். அதுக்குப் பெறகு தெக்க காலிப் பக்கம் ஏதோ தடுப்பு கேம்பாம். அங்க போனவங்க எப்ப வருவாங்கன்னு அவருக்கே தெரியாதாம்.”

அன்று நான்காம் திகதி. பெற்றீசியா அலுமாரியைப் பார்த்தாள். அதற்குள் எட்டு வட்டில் ஏதோ ஒன்றில் அந்தோனிமுத்து இருந்தான். கைநீட்டினால் தொடலாம். எடுத்துக் கொடுக்க முடியாது.

அவள் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி, தன் கடிதம் எந்த மேசையில் படுத்திருக்கிறது என்று தேடினாள். அது விநியோகப் பிரிவுக்குப் போய்விட்டதாகவும், உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். உடனடி நடவடிக்கை மறுநாள் காலை அளவு நாடாவோடு வந்து அறை வாசலில் நின்றது.

“நான் பாயிஸ். கட்டுகஸ்தோட்டையில ஹாட்வெயார் கடை. உங்கட ஒபிஸால பாட்டிஷன் ஓடர் வந்தீக்கி. எந்த எடத்தால பிரிக்கிற, செல்லுங்க மிஸ்.”

“எதை?”

பாயிஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “சேர்வர்னு போட்டீக்கி.”

பெற்றீசியா சுட்டிக்காட்டினாள். பாயிஸ் சேர்வரை ஒருமுறை சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். முகம் கலங்கிவிட்டது.

“இது இரும்பு. நடுவால அறுத்தா பழுதாப் போகாதா?”

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கி வெளங்குது, மிஸ். என்ட மகள் ருக்கியாவும் கம்பியூட்டர்தான் படிக்கிற. ஆனா ஓடர்ல ஈக்கிறது பிளைவூட் பன்னெண்டு, கதவுப் பிணைச்சல் ஆறு, பூட்டு ரெண்டு. நான் கொண்டு வராட்டி வேற ஒத்தன் கொண்டு வருவான்.”

பெற்றீசியா விநியோக அலுவலரிடம் ஓடினாள். அவர் அவளுடைய கடிதத்தையே எடுத்துக் காட்டினார்.

“ஹாட்வெயார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டிஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டிஷன் சாமானை ஹாட்வெயார் கடையில் வாங்காமல் மருந்துக் கடையிலா வாங்குவது?”

“லொஜிக்கல் என்றும் எழுதியிருக்கிறேனே, சேர்.”

“இந்தப் பிரிவில் எப்போதும் லொஜிக்கலாகத்தான் வாங்குவோம்” என்றார் அவர், கொஞ்சம் மனம் நொந்து.

அன்று பின்னேரம் பிரதிப் பணிப்பாளர் நவரட்ணராஜா அவளைக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அவள் உள்ளே போனதும் எழுந்து சென்று கதவைச் சாத்தினார். பிறகு யன்னலையும் சாத்தினார்.

“பிள்ளை, உம்மட கடிதத்தை மேல உள்ளவை இப்பதான் வாசிச்சிருக்கினம். பிரிக்கிறது எண்டு எழுதியிருக்கிறீர்.”

“பிரிக்கத்தானே வேணும், சேர்.”

“ஓம். ஆனா நீர் தமிழ். இந்த நேரத்தில ஒரு தமிழ் ஆள், அரசாங்கச் சொத்தை ரெண்டாப் பிரிக்கச் சாமான் தாங்கோ எண்டு எழுத்தில கேக்கிறது… விளங்குதே?” அவர் ஒரு துண்டை நீட்டினார். “இதைப் பாரும். ‘ஒரே கூரையின் கீழ் ஒத்துழைக்கும் அலகுகள்’. இப்படிப் போட்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்காதே, சேர்.”

“அதுதான் வேணும்” என்றார் நவரட்ணராஜா. “எண்பத்துமூண்டுக் கலவரத்தில வெள்ளவத்தையில என்னை ரோட்டில மறிச்சு, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லிக் காட்டச் சொன்னவங்கள். நான் சரியாச் சொன்னன். எனக்கு முன்னால நிண்ட மனிசன் பிழையாச் சொல்லிப்போட்டான். அண்டையிலயிருந்து, ஒரு சொல்லை வாயால விட முன்னம் நான் மூண்டு தரம் யோசிக்கிறனான்.”

பெற்றீசியா துண்டை வாங்கிக்கொண்டாள். அவரோடு வாதாட அவளால் முடியவில்லை.

பத்தாம் திகதி கூட்டம் நடந்தது. பணிப்பாளர் ஹலங்கொட நடுவில் அமர்ந்தார். கட்டிடத்தைக் காக்கவென்று புதிதாக நியமிக்கப்பட்ட, இராணுவத்தில் இருந்து இளைப்பாறிய பாதுகாப்பு ஆலோசகர் பக்கத்தில் இருந்தார். பணிப்பாளர் எழுந்து நின்று சிங்களத்தில் பேசினார். ஐந்து பேர் கூட்டத்துக்கு எழுந்து நிற்கத் தேவையில்லை. ஆனால் அவருக்கு உட்கார்ந்தபடி நாட்டைப் பற்றிப் பேச வராது.

“இந்தச் சேர்வர் ஒன்றாகத்தான் வந்தது. ஒன்றாகத்தான் இருக்கும். நான் பணிப்பாளராக இருக்கும்வரை இதை இரண்டாக்க விடமாட்டேன். தமிழ் மக்கள் மேல் எனக்கு இருக்கும் அன்பு எல்லோருக்கும் தெரியும். என் சாரதி தமிழர். மிக நல்ல மனிதர். அவர் பெயர்…” சாரதியின் பெயர் வரவில்லை. “பெயர் முக்கியமில்லை. அன்புதான் முக்கியம்.”

ஆலோசகர் பெற்றீசியாவைப் பார்த்துக் கேட்டார்: “இந்தக் கொன்சோல் சேர்வருக்கு உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா?”

“வெளியே, சேர்.”

“வெளியில் இருந்துகொண்டு உள்ளே பிரிக்கும்?” அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். “எல்லை போட்ட பிறகு மாறாதே?”

“தேவைப்பட்டால் மாற்றலாம், சேர். ஒரு பகுதிக்கு நினைவகம் போதாவிட்டால் மற்றதில் இருந்து எடுத்துக் கொடுக்கலாம்.”

“எல்லை நகரும்” என்று அவர் எழுதினார். “ஒரு பகுதி விழுந்தால்?”

“மற்றது பாதிக்கப்படாமல் ஓடும். அதுதான் இதன் நன்மை.”

நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஆலோசகர், இது பாதுகாப்பு அமைச்சின் அனுமதியில்லாமல் தொடக்கூடாத விஷயம் என்றார். அனுமதிக்கு எட்டு மாதம் செல்லும் என்றும் சொன்னார். பிளைவூட்டை என்ன செய்வது என்று விநியோக அலுவலர் கேட்டார். பலகை மறைப்பு பிரிவினை அல்ல, அது தளபாடம் என்று பணிப்பாளர் தீர்ப்புச் சொன்னார். அந்த வேலை நடக்கட்டும் என்றார்.

பெற்றீசியா எழுந்தாள். “சேர், ஒரு ஆள் பொலிஸில் இருக்கிறார். இருபதாம் திகதிக்குள் அவருடைய பிறப்புப் பத்திரம் கொடுக்காவிட்டால் கொண்டுபோய்விடுவார்கள்.”

பணிப்பாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“மகள், அவர் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாத ஒருவருக்காக நான் எப்படி அவசரப்படுவது?”

பலகை மறைப்பு மூன்று நாளில் எழுந்தது. திணைக்களத்தின் வரலாற்றில் குறித்த திகதிக்கு முன்பே முடிந்த ஒரே வேலை அதுதான். வரைபடத்தில் பிரிகோடு அறையின் நடுவால் போனது. நடுவில் சேர்வர் நின்றது. சேர்வரை நகர்த்த யாருக்கும் அதிகாரம் இல்லாததால் பாயிஸ் பலகையில் சேர்வர் அளவுக்கு ஒரு துளை வெட்டினார். சேர்வரின் முகம் ஒரு பக்கமும் முதுகு மறுபக்கமுமாக, சுவரில் அகப்பட்டவனைப் போல நின்றது. முகம் இருந்த பக்கத்துக் கதவில் சிங்களம் என்றும், முதுகு இருந்த பக்கத்துக் கதவில் தமிழ் என்றும் எழுதினார்கள். குளிரூட்டி எந்தப் பக்கத்துக்கும் சேராமல் வெளியே மாட்டிக்கொண்டது.

பதினான்காம் திகதி திறப்பு விழா. பாற்சோறு, வெற்றிலைத் தட்டு, ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு. விளக்கை உள்ளேயே ஏற்றினார்கள். முப்பது பேர் அந்தப் பலகைப் பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க, பணிப்பாளர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். இருபதாவது நிமிடத்தில் சேர்வரில் ஒரு செம்மஞ்சள் விளக்கு மினுங்கியது. பெற்றீசியா கையை உயர்த்தினாள். யாரோ அவள் கையைப் பிடித்து இறக்கினார்கள். சூடு தாங்காமல் சேர்வரின் விசிறிகள் ஓலமிட்டு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

“பாருங்கள்” என்றார் பணிப்பாளர், “இயந்திரம்கூட அமைதியாகக் கேட்கிறது.”

திங்கட்கிழமை கருமபீடத்தில் சிங்களப் பத்திரமும் கொடுக்க முடியவில்லை. வரிசை வாவிப் பாதைவரை நீண்டது. பணிப்பாளர் தானே ஒரு அறிவித்தல் எழுதி மும்மொழியிலும் ஒட்டுவித்தார்: ‘இன்று முதல் இத்திணைக்களத்தில் சகல மொழியினருக்கும் பாரபட்சமின்றி ஒரே விதமான சேவை வழங்கப்படும்.’ தான் திரும்பும்வரை பலகையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அதில் இன்னொரு அறிவித்தலும் ஒட்டுவித்துவிட்டு, இந்த வெற்றியைப் பற்றி ஒரு கருத்தரங்கில் உரையாற்றக் கொழும்புக்குப் புறப்பட்டார்.

பத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை காலை, பெற்றீசியா வந்தபோது திரேசா படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. அதுதான் பெற்றீசியாவால் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் அறைக்குள் போய்ச் செத்துக் கிடந்த சேர்வரின் முன்னால் நின்றாள். இதைப் பிரிக்கத்தான் சாமான் இல்லை. பிரிக்காமல் ஒரு நேரத்தில் ஒன்றை ஓடவிட எந்தச் சாமானும் தேவையில்லை. சிங்கள வட்டுகளைக் கழற்றித் தமிழ் வட்டுகளைப் போட்டால் போதும். அவள் இதை முன்னரும் நினைத்ததுண்டு. சிங்கள வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அதைச் செய்ய மனம் வந்ததில்லை. இப்போது யாருக்கும் நட்டமில்லை. அவளுடைய வேலை ஒன்றைத் தவிர.

சாமான் கிடைத்ததற்கு ஒப்பம் வாங்க அன்று பாயிஸும் வந்திருந்தார்.

“பாயிஸ் நானா, மேல ஒரு பெரிய துவாரம் வெட்டலாமா? காத்து உள்ள வரணும்.”

“தொடப்படான்னு போட்டீக்கே, மிஸ்.”

“போட்டிருக்கு.”

பாயிஸ் அறிவித்தலை இன்னொருமுறை வாசித்தார். படியில் இருந்த திரேசாவை எட்டிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தன் வானுக்குப் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு வந்தார். “பூட்டினது நான்தானே. நானே தொறக்கிறன்” என்றார்.

பெற்றீசியா சிங்கள வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இலக்கமிட்டு, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தாள். தமிழ் வட்டுகளைச் செருகினாள். சேர்வர் எழும்ப இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அந்த இருபத்தைந்து நிமிடமும் அவள் உட்காரவில்லை. கடைசியில் திரையில் தமிழ் எழுத்து வந்தது. கட்டம் இல்லை, உடைவு இல்லை. அந்தோனிமுத்து, தகப்பன் சவரிமுத்து, பிறந்த இடம் ஹேவாஹெட்ட.

அச்சடித்த தாளோடு அவள் நவரட்ணராஜாவின் அறைக்குப் போனாள். பணிப்பாளர் இல்லாத நேரத்தில் கையெழுத்து வைக்கும் அதிகாரம் அவருக்குத்தான். அவர் தாளை வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது எப்படி வந்தது எண்டு நான் கேக்கேல்லை” என்றார்.

“சரி, சேர்.”

“ஆனா என்னட்டைக் கேப்பினம்.”

“கேப்பாங்க, சேர்.”

சுவர் மணிக்கூடு அடித்தது. நவரட்ணராஜா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார், மூடினார். மூன்றாம் தரம் திறந்தபோது கையெழுத்து வைத்தார். முத்திரையைத் தானே குத்தினார்.

“வெளியில இன்னும் எத்தினை பேர் நிக்கினம்?”

“தமிழ் ஆக்கள் அம்பது பேருக்கு மேல இருக்கும்.”

“கூப்பிடும்” என்றார். யன்னலைத் திறந்துவிட்டார்.

மூன்று மணிவரை அறுபத்தொரு பத்திரம் போனது. அதன் பிறகு பெற்றீசியா வட்டுகளை மாற்றிச் சிங்கள முறைமையை மறுபடியும் ஏற்றினாள். பாயிஸ் வெட்டிய துவாரத்தால் குளிர்காற்று வந்ததால் அது மறுநாளும் சுகமாக ஓடியது.

வெள்ளிக்கிழமை விசாரணை. பணிப்பாளர் இம்முறை உட்கார்ந்தே இருந்தார்.

“நேராகக் கேட்கிறேன். நீங்கள் சேர்வரைப் பிரித்தீர்களா?”

“இல்லை, சேர். ஒன்றாகவே வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடி.”

“அப்படியானால் இந்த அறுபத்தொரு தமிழ்ப் பத்திரமும் எப்படி வந்தன?”

“முழுச் சேர்வரும் தமிழில் ஓடியது, சேர்.”

பணிப்பாளருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. “முழுவதும்?”

“முழுவதும்.”

“சிங்களம் எங்கே இருந்தது?”

“அலுமாரியில், சேர். ஒன்றாக இருக்கும்வரை அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓடலாம். மற்றவர் அலுமாரியில் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் தமிழ் இருந்தது. புதன்கிழமை ஐந்து மணித்தியாலம் சிங்களம் இருந்தது.”

பாதுகாப்பு ஆலோசகர் தன் கொப்பியைத் திறந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் மூடினார். பணிப்பாளர் எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“இந்த நிலைமை இன்னும் ஒரு நாள்கூட நீடிக்கக் கூடாது. உடனே பிரியுங்கள்! என்ன சாமான் வேண்டும்? அந்தக் கடிதம் எங்கே?”

“பாதுகாப்பு அமைச்சின் அனுமதி…” என்று யாரோ தொடங்கினார்கள்.

“அது வெறும் சின்னக் கணினிதானே, பக்கத்தில் வைப்பது” என்றார் ஆலோசகர். “எனக்கு ஆட்சேபணை இல்லை.”

எட்டு மாத அனுமதி எட்டு நிமிடத்தில் கிடைத்தது. கொன்சோலும் அட்டைகளும் அடுத்த கிழமையே வந்தன. பிரிவினையின் அவசியத்தை உரிய காலத்தில் உயரதிகாரிகளுக்கு விளங்கச் செய்யத் தவறியதற்காகப் பெற்றீசியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நவரட்ணராஜாவை இறப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். “அங்க ஒருத்தருக்கும் அவசரம் இராது, பிள்ளை” என்று சொல்லிவிட்டு அவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு போனார்.

விசாரணை முடிந்த அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றீசியா பஸ் நிலையத்துக்கு வந்தபோது, ஹேவாஹெட்ட பஸ்ஸின் யன்னலில் இருந்து திரேசா கைகாட்டிக் கூப்பிட்டாள். பக்கத்தில் அந்தோனிமுத்து இருந்தான். தாடி வளர்ந்து, மெலிந்து, சேர்ட்டில் இரண்டு பொத்தான் இல்லாமல் இருந்தான். பத்திரத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

“மிஸ், இது சரியாங்க? ஐம்பத்தஞ்சாம் வருஷமுன்னு போட்டிருக்கு.”

“சரிதான். பதிவுல அப்பிடித்தான் இருக்கு.”

“தோட்டத்துல நான் ஐம்பத்தொண்ணுல பொறந்தேன்னு இருக்குதுங்க. அப்ப வேலைய விட்டு நிக்க இன்னும் நாலு வருஷம் கூடத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டணுமா?”

திரேசா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பஸ் நகர்ந்த பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெற்றீசியா அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி, அடையாள அட்டையைக் கையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.